பனிக்கட்டியாற்றைக் கயிறு கட்டிக் கடப்பது ஏன்?

சென்ற ஆடி மாதம் கோப்பாயில் இருக்கும் என் தமக்கையாரின் கைப்பேசிக்கு, சுவிற்சர்லாந்தில் வசிக்கும் அவரது மகனிடமிருந்து ஒரு படம் வந்தது. வெள்ளை வெளேரென்று விரிந்து கிடக்கும் ஒரு வெளியில் நான்கு பேர் ஒருவர் பின் ஒருவராக, பத்து மீற்றர் அளவு இடைவெளி விட்டு நடந்துபோகிறார்கள். நால்வரின் இடுப்பையும் ஒரே கயிறு தொடுத்திருக்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அக்கா கேட்டார்: "தம்பி, நிலம் சமனாய்த்தானே கிடக்கு, விழுகிறதுக்கு ஒரு பள்ளத்தையும் காணேல்லை. பிறகு என்னத்துக்கு மாடு கட்டின மாதிரிக் கயிறு?"

கேள்வி நியாயமானது. படத்தில் இருந்தது ஒரு பனிக்கட்டியாறு, அதாவது மலையில் மெல்ல நகரும் பனிக்கட்டித் திரள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பித்தவன் என்ற முறையில், பனிக்கட்டியாறு பற்றி எனக்குத் தெரியும் என்றே எண்ணியிருந்தேன். கரும்பலகையில் 'யூ' வடிவப் பள்ளத்தாக்கை வரைந்து, பனிக்கட்டியாறு அள்ளிவந்து குவிக்கும் கல்லும் மண்ணுமான மொரேன் படிவுகளுக்கு அம்புக்குறி இட்டு, பரீட்சையில் எப்படியும் ஒரு கேள்வி வரும் என்று பிள்ளைகளைப் பாடமாக்க வைத்திருக்கிறேன். ஆனால் அந்த ஆற்றின் மேல் ஒரு மனிதன் நடந்தால் அவனுக்கு என்ன நேரும் என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. நானாகச் சொன்னதும் இல்லை. மருமகனைத் துளைத்துக் கேட்டும், கொஞ்சம் படித்தும் விளங்கிக்கொண்டதை, மலையையும் உறைபனியையும் நேரில் காணாத குடாநாட்டு வாசகருக்காக இங்கே எழுதுகிறேன். மருமகன் அந்த வார இறுதியில் ஏறிய சிகரத்தின் பெயர் ஸ்ட்ரால்ஹோர்ன். உயரம் 4190 மீற்றர். அதற்குப் போகும் வழி அல்லலின் என்னும் பனிக்கட்டியாற்றின் மேலாகச் செல்கிறது. பெயரில் அல்லல் இருப்பது தற்செயல்தான் என்றாலும், அக்காவுக்கு அதை நான் சொல்லவில்லை.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம். நாம் 'பனி' என்ற ஒரே சொல்லால் மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் ஈரத்தையும், வீதியை மறைக்கும் புகாரையும், ஐரோப்பாவில் வானத்திலிருந்து பஞ்சுபோல் விழுவதையும், குளிர்சாதனப் பெட்டிக்குள் இறுகிக் கிடப்பதையும் குறிக்கிறோம். இந்த விடயத்தைப் பொறுத்தவரை அது குழப்பத்தையே தரும். எனவே வானத்திலிருந்து விழும் பஞ்சை வெண்பனி என்றும், இறுகிய திண்மத்தைப் பனிக்கட்டி என்றும் சொல்கிறேன். மலையேறுபவருக்கு வெண்பனியும் பனிக்கட்டியும் இரு வேறு பொருட்கள். ஒன்றின் மேல் மற்றொன்று கிடப்பதில்தான் ஆபத்து முழுவதும் இருக்கிறது.

புதிதாக விழுந்த வெண்பனி பெரும்பாலும் காற்றுத்தான். பத்துப் பங்கு வெண்பனியை உருக்கினால் ஏறத்தாழ ஒரு பங்கு நீரே மிஞ்சும். உயர்ந்த மலைகளில் மாரிகாலத்தில் விழும் வெண்பனி அடுத்த கோடையில் முழுவதும் உருகிவிடுவதில்லை. எஞ்சியதன் மேல் அடுத்த ஆண்டுக்குரியது விழுகிறது, அதன் மேல் அதற்கடுத்தது. மேற்சுமையால் அடியிலுள்ளது நெருங்கி, இடையிலிருந்த காற்று வெளியேறி, துகளோடு துகள் ஒட்டிக்கொள்கிறது. இதைக் கற்பனை செய்ய யாழ்ப்பாணத்தவருக்குச் சிரமமில்லை: பாசையூரிலோ குருநகரிலோ மீன்பெட்டிக்குள் நொருக்கிக் கொட்டிய ஐஸ், மறுநாட் காலை கோடரியால் கொத்த வேண்டிய ஒரே கட்டியாகக் கிடப்பதைப் பார்த்திருப்போம். மலையில் அதே வேலை பல ஆண்டுகளாக, பல பத்து மீற்றர் தடிப்புக்கு நடக்கிறது. இடைநிலையில் இருக்கும் பழைய, கரடுமுரடான பனியை ஜெர்மன் மொழியில் 'ஃபிர்ன்' என்பார்கள். 'சென்ற ஆண்டுக்குரியது' என்பதே அச்சொல்லின் பொருள். ஃபிர்ன் மேலும் இறுகினால் நீரின் அடர்த்தியில் பத்தில் ஒன்பது பங்கு அடர்த்தியுள்ள பனிக்கட்டி ஆகிவிடும்.

பனிக்கட்டி போதிய தடிப்பை அடைந்ததும் தன் பாரம் தாங்காமல் நகரத் தொடங்குகிறது. 'ஆறு' என்று அதை அழைப்பது வெறும் உவமை அன்று. பனிக்கட்டியின் பளிங்குகள் அழுத்தத்தின் கீழ் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி உருமாறுவதால் அது உள்ளுக்குள்ளேயே வழிகிறது. அடிப்பாறையில் உருகுநீர் இருந்தால், முழுத் திணிவும் சேர்ந்து பாறையின் மேல் சறுக்கவும் செய்கிறது. குடாநாட்டில் ஆறு என்று சொல்ல நமக்கு இருப்பது மாரிக்கு மட்டும் உயிர்பெறும் வழுக்கையாறு ஒன்றுதான். அந்தப் பெயர் அராலிக் கடலேரிக்குப் போகும் நமது சிற்றாற்றைக் காட்டிலும் அல்ப்ஸ் மலையின் ஆறுகளுக்கே நன்றாகப் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அல்ப்ஸின் மிக நீண்ட பனிக்கட்டியாறான அலெச் ஏறத்தாழ 20 கிலோமீற்றர் நீளமானது. அதன் கிளைகள் கூடும் கொன்கோடியா என்ற இடத்தில் பனிக்கட்டியின் தடிப்பு ஏறத்தாழ 800 மீற்றர். அங்கே அது ஆண்டுக்கு 100 மீற்றருக்கு மேல் நகர்கிறது. நடுவில் விரைவாகவும் ஓரங்களில் பாறையில் உராய்ந்து மெதுவாகவும் போவதால், குறுக்கே நேர்கோட்டில் நட்ட கம்புகள் அடுத்த ஆண்டில் வில்லாக வளைந்து நிற்கும். நீராற்றில் நடப்பதும் இதுவே. வேகம் ஒன்றுதான் வேறு.

இனி அக்காவின் கேள்விக்கு நெருங்கி வருகிறோம். வழியும் பொருள் என்றால் ஏன் வெடிக்க வேண்டும்? பனங்கட்டிப் பாகு காய்ச்சித் தட்டில் ஊற்றி, மேல் ஆடை சற்று இறுகிய நேரத்தில் தட்டைச் சரித்துப் பாருங்கள். அடியிலுள்ள பாகு மெல்ல நகரும்; மேலாடை அதோடு இழுபட முடியாமல் வெடிக்கும். பனிக்கட்டியாற்றிலும் ஆழத்திலுள்ளது அழுத்தத்தால் குழைந்து வழிகிறது. மேலேயுள்ள முப்பது மீற்றர் அளவு தடிப்பின் மீது அத்தகைய அழுத்தம் இல்லாததால், அது நொறுங்கும் பொருளாகவே இருக்கிறது. கீழுள்ளது இழுக்கும்போது பிளந்துவிடுகிறது. மிக ஆழமான பிளவுகள்கூடப் பெரும்பாலும் முப்பது, நாற்பது மீற்றரோடு நின்றுவிடுவதற்கும் இதுவே காரணம்: அதற்குக் கீழே பிளவு தோன்றினாலும் பனிக்கட்டி வழிந்து அதை மூடிவிடும். முப்பது மீற்றர் என்பது பத்து மாடிக் கட்டடத்தின் உயரம் என்பதை மறக்க வேண்டாம்.

பிளவுகள் கண்டபடி தோன்றுவதில்லை. அடிப்பாறை திடீரெனச் சரியும் இடத்தில், மேற்பரப்பு மேடுபோல் வளைந்து இழுபடுவதால், ஓட்டத்துக்குக் குறுக்காகப் பிளக்கும். ஆறு வளையும் இடத்தில் வெளிவளைவில் பிளக்கும். ஓரத்தில், வேகமான நடுப்பகுதி மெதுவான கரையை இழுப்பதால், சாய்வாகப் பிளக்கும். இவற்றுக்கு மாறாக, சரிவு தணிந்து குழிவாக வரும் இடத்தில் பின்னாலிருந்து வருவது முன்னால் இருப்பதை நெருக்குவதால் பிளவுகள் மூடிக்கொள்ளும். மலையின் உச்சிச் சரிவில், பாறையோடு உறைந்து அசையாமல் நிற்கும் பனிக்கட்டியிலிருந்து நகரும் பனிக்கட்டி பிரியும் கோட்டில், அகலமான ஒரு பிளவு மலையைச் சுற்றி ஓடும். சிகரத்துக்குப் போக விரும்புபவர் பெரும்பாலும் அதைத் தாண்டியே போக வேண்டும். நல்ல வழிகாட்டி ஒருவர் வெள்ளை வெளியைப் பார்த்தவுடனே, அடியிலுள்ள பாறையின் மேடுபள்ளத்தை ஊகித்து, எங்கே பிளவு இருக்கும் என்று கணித்து வழியை வளைத்துவிடுகிறார். நமது மீனவர் நீரின் நிறத்தைப் பார்த்து அடியில் பார் கிடக்கிறதா மணல் கிடக்கிறதா என்று சொல்வதைப் போன்ற அறிவு அது.

படத்தில் பள்ளம் தெரியாததற்குக் காரணம் வெண்பனி. மாரிகாலத்தில் காற்று அள்ளிவரும் வெண்பனி பிளவின் இரு விளிம்புகளிலும் ஒட்டி, இருபுறமிருந்தும் நாக்குப்போல் நீண்டு, நடுவில் சந்தித்து ஒரு கூரையாகிவிடும். அதற்குப் பனிப்பாலம் என்று பெயர். சில பாலங்கள் பல மீற்றர் தடிப்பானவை. சில ஒரு சாண் தடிப்பும் இல்லாதவை. மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றே. புத்தூர்ப் பக்கம் உள்ள நிலாவரைக் கிணற்றின் கதை நமக்குத் தெரியும்; அதாவது இராமர் அம்பெய்த கதை அல்ல, பாறையின் கதை. நமது சுண்ணாம்புக் கல்லை மழைநீர் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கரைத்து உள்ளே குகையாக்க, மேலே கூரைபோல் எஞ்சிய கல் ஒரு நாள் இடிந்து விழ, ஆழ்ந்த நீர்க்குழி வெளிப்பட்டது. கூரை இடிவதற்கு முதல் நாள் அவ்விடத்தில் ஆடு மேய்த்தவருக்குத் தன் காலடியில் வெற்றிடம் இருப்பது தெரிந்திருக்காது. பனிக்கட்டியாற்றில் நிலைமை அதுவே, ஆனால் நம்முடைய கூரை ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நிற்கிறது. அங்குள்ள கூரை அன்று காலை நின்று மாலையில் இடிந்துவிடக்கூடியது.

ஆகவே, கயிறு செங்குத்தான இடத்தில் சறுக்கி விழாமல் இருப்பதற்காகக் கட்டப்படுவது அன்று. சமதரையாகத் தோன்றும் இடத்தில் நிலமே திறந்துகொண்டால் உள்ளே போகாமல் இருப்பதற்காகக் கட்டப்படுவது. நான் விளங்கிக்கொள்ள மிகவும் சிரமப்பட்டதும் இதைத்தான். கோடையில் பனிக்கட்டியாற்றின் கீழ்ப்பகுதியில் வெண்பனி முழுவதும் உருகி, நீலம் கலந்த பனிக்கட்டி வெளியே தெரியும். அங்கே பிளவுகள் வாய் பிளந்து கிடந்தாலும், கண்ணுக்குத் தெரிவதால் சுற்றிப்போகலாம். சமதரையான அத்தகைய இடங்களில் பலர் கயிறே கட்டுவதில்லை. மேற்பகுதியில், அழகாக, மாசின்றி, பள்ளம் ஒன்றும் இல்லாமல் வெண்பனி போர்த்திக் கிடக்கும் இடத்திலேயே கயிறு கட்டாயம். பார்வைக்குப் பயங்கரமானது ஒப்பளவில் பாதுகாப்பானது. பார்வைக்கு இனியது ஆபத்தானது. அதைப்போலவே, கடினமான பனிக்கட்டிச் சரிவில், எங்கும் பொருத்தாத வெறுங்கயிற்றால் நான்கு பேர் இணைந்து ஏறினால், ஒருவர் சறுக்கும்போது மற்ற மூவரையும் அவர் இழுத்துக்கொண்டு போய்விடுவார். எங்கே கயிறு காக்கும், எங்கே கயிறே கொல்லும் என்று பிரித்தறிவதுதான் தொடக்கநிலையாளர் கற்க வேண்டிய முதற்பாடம்.

கயிறு எப்படிக் காக்கிறது என்பதைப் பார்ப்போம். நான்கு பேர் கொண்ட குழுவில் ஆளுக்கு ஆள் எட்டு முதல் பத்து மீற்றர் இடைவெளி விடுவார்கள். இரண்டு பேர் மட்டும் என்றால் பதினைந்து மீற்றரும் அதற்கு மேலும் விடுவார்கள். இடைவெளி குறைந்தால் இருவர் ஒரே பாலத்தின் மேல் ஒரே நேரத்தில் நிற்க நேரிடும். கயிறு தரையை மெல்லத் தொடும் அளவுக்கு இறுக்கமாக இருக்க வேண்டும்; முன்னால் போகிறவர் நின்றால் பின்னால் வருகிறவரும் நிற்க வேண்டுமே தவிர, கதை பேச நெருங்கி வரக்கூடாது. கயிறு தளர்ந்து கிடந்தால், விழுபவர் அந்தத் தளர்வு முடியும் வரை வேகம் எடுப்பார். அந்த வேகத்தோடு வரும் இழுவை பின்னால் நிற்பவரைக் காலோடு வாரிவிடும். இறுக்கமாக இருந்தாலோ, விழுபவர் இடுப்பளவோ தலையளவோ போனவுடன் கயிறு பிடித்துக்கொள்ளும். கயிறு பிளவின் விளிம்பு வெண்பனியை அறுத்துக்கொண்டு உள்ளே புதைவதால் ஏற்படும் உராய்வும் சுமையில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்ளும். இருவர் மட்டும் போகும்போது கயிற்றின் நடுப்பகுதியில் சில பெரிய முடிச்சுகளை இடுவது இதற்காகத்தான்: முடிச்சு விளிம்பில் போய்ச் செருகிக்கொண்டால், மேலே நிற்கும் தனியொருவர் முழுப் பாரத்தையும் தாங்க வேண்டியதில்லை.

நடக்கும் திசையும் முக்கியம். பிளவுகள் எந்தப் பக்கமாக ஓடுகின்றனவோ அந்தப் பக்கமாகவே கயிறும் நீண்டிருந்தால், நால்வரும் ஒரே பிளவின் மேல் நிற்கிறார்கள் என்று பொருள். எனவே பிளவுகளுக்குக் குறுக்காக, முடிந்தவரை செங்கோணத்தில், வெட்டிக் கடக்க வேண்டும்.

விழுந்தவரை வெளியே எடுப்பது, விழாமல் தடுப்பதிலும் கடினமானது. மற்றவர்கள் குப்புற விழுந்து, காலில் பூட்டிய கூராணிகளையும் கைக்கோடரியையும் வெண்பனியில் அழுத்திச் சுமையை நிறுத்துகிறார்கள். பிறகு அந்தச் சுமையை மனித உடலிலிருந்து ஒரு நங்கூரத்துக்கு மாற்ற வேண்டும். மென்மையான வெண்பனியில் ஆணி நிற்காது. ஆகையால் முழங்கையளவு ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி, கோடரியைக் கிடையாக அதற்குள் புதைத்து, அதன் நடுவில் கட்டிய பட்டியை இழுதிசையில் வெளியே எடுத்து மேலே மிதித்து மூடுகிறார்கள். கிடையாகப் புதைந்த கோல், தனக்கு முன்னாலுள்ள வெண்பனி முழுவதையும் பெயர்த்தால்தான் வெளியே வரும். பார்த்தால் நம்ப மனம் வராது. ஆனால் ஒழுங்காகச் செய்தால் ஒரு மனிதரின் பாரத்தைத் தாங்கும்.

தொங்கிக்கொண்டிருப்பவர் சுயநினைவோடு இருந்தால் தானே ஏறி வரலாம். இதற்குப் பயன்படுவது புரூசிக் முடிச்சு. ஒஸ்திரிய நாட்டு மலையேறியான கார்ல் புரூசிக் 1931 இல் இதை வெளியிட்டார். மெல்லிய கயிற்று வளையத்தைப் பெரிய கயிற்றின் மேல் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றினால், பாரம் விழும்போது அது இறுகிக் கவ்விக்கொள்ளும். பாரத்தை எடுத்தவுடன் தளர்ந்து மேலே தள்ள இடங்கொடுக்கும். இரண்டு வளையங்கள், ஒன்று இடுப்புக்கு, ஒன்று பாதத்துக்கு. ஒன்றில் நின்று மற்றதை உயர்த்தி, மற்றதில் தொங்கி இதை உயர்த்தி ஏறலாம். இதை மருமகன் விளக்கத் தொடங்கியபோது எனக்குப் பாதியிலேயே விளங்கிவிட்டது, ஏனென்றால் சிறு வயதில் எங்கள் வளவுக்குச் சீவ வருபவரின் தளநார் இதையே செய்தது. பாதங்களில் மாட்டிய நார்வளையம், அவர் எழுந்து நின்றால் பனைமரத்தைக் கவ்வும்; கைகளால் மரத்தை அணைத்துக் கால்களை உயர்த்தினால் தளர்ந்து கூடவே வரும். உராய்வைப் பாரத்தாலேயே கூட்டவும் குறைக்கவும் தெரிந்த தொழில் அது. நாம் அதற்கு ஒரு பெயரும் ஆண்டும் பொறித்து வைக்கவில்லை.

விழுந்தவரால் ஏற முடியாவிட்டால் மேலிருப்பவர்கள் இழுக்க வேண்டும். கிணற்றுக் கப்பியை வைத்து இதை விளங்கிக்கொள்ளலாம். நிலையாகக் கட்டிய ஒரு கப்பி இழுக்கும் திசையை மாற்றித் தருமே ஒழிய பாரத்தைக் குறைக்காது. வாளி பத்துக் கிலோ என்றால் நாம் இழுப்பதும் பத்துக் கிலோதான். ஆனால் பாரத்தோடு சேர்ந்து நகரும் இன்னொரு கப்பியையும் சேர்த்து, கயிற்றை முன்னும் பின்னுமாக மடித்தால், பாரத்தை மூன்று புரிகள் பகிர்ந்துகொள்ளும். தொண்ணூறு கிலோவுள்ள ஒருவரை, கணக்கின்படி, முப்பது கிலோ இழுவையால் உயர்த்தலாம். அதற்கு விலையாக, அவரை ஒரு மீற்றர் உயர்த்த மூன்று மீற்றர் கயிறு இழுக்க வேண்டும். கணக்குத் தாளில் அப்படி; விளிம்பில் கயிறு புதைந்து உராயும்போது முப்பது, ஐம்பதாகவும் அறுபதாகவும் ஏறிவிடும். நால்வராகப் போனால் மூவர் இழுக்கலாம், இருவராகப் போனால் ஒருவரே எல்லாம் செய்ய வேண்டும். பனிப்போர்வையுள்ள ஆற்றின் மேல் தனியே போவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

மற்றக் கருவிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சப்பாத்தின் அடியில் பூட்டும் உருக்கு முட்சட்டம், அதாவது 'கிராம்பொன்', கைக்கோடரி, இடுப்பையும் தொடைகளையும் சுற்றும் கச்சை, பூட்டக்கூடிய கொளுவிகள், தலைக்கவசம், பனிக்கட்டியில் திருகும் குழாயாணி. கறுப்புக் கண்ணாடியை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். உயரம் கூடக் கூட வெயிலின் புற ஊதாக்கதிர் வலுப்பெறும். போதாததற்குப் புதிய வெண்பனி தன்மேல் விழும் புற ஊதாக்கதிரின் பெரும்பகுதியை முகத்துக்கே திருப்பி அனுப்பும். கண்ணாடியை அரை நாள் கழற்றி வைத்தவருக்கு அன்றிரவு கண்ணில் மணல் கொட்டியதைப் போன்ற வலி தொடங்கும். மூக்கின் அடிப்பக்கமும் நாடியும்கூட வெயிலால் எரிவதைச் சித்திரை வெயிலில் வளர்ந்த நாமும் அறியோம்.

மருமகனின் சனிக்கிழமை அவ்வளவு சுவையானதன்று. புகையிரதத்தில் விஸ்ப் நகருக்கு, அங்கிருந்து மஞ்சள் தபால் பேருந்தில் வாகனங்களுக்கு இடமில்லாத சாஸ் ஃபே ஊருக்கு, பிறகு கம்பிவட ஊர்தியில் மேலே. அதன் பின் ஒரு மணித்தியாலம் அளவு நடந்தால் பிரித்தானியா குடில். சுவிஸ் அல்பைன் கழகத்தில் அங்கத்தவராக இருந்த பிரித்தானியரின் நிதியால் 1912 இல் கட்டப்பட்டதால் இந்தப் பெயர். குடில் என்று சொன்னாலும், நூற்றுக்கும் மேற்பட்டவர் படுக்கக்கூடிய கற்கட்டடம். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும். இந்த ஒரு வழக்கத்தைக் கேட்டதும் அக்காவுக்கு அந்த நாட்டின் மேல் மரியாதை கூடியது. குடிலின் பதிவேட்டில் பெயரோடு மறுநாள் எந்தச் சிகரம், எந்த வழி என்பதையும் எழுத வேண்டும். ஒருவர் திரும்பாவிட்டால் மீட்பவர்கள் எங்கே தேடுவது என்று அறிவதற்கு. உலங்குவானூர்தி மீட்புக்கு அந்நாட்டில் 1414 என்று ஒரு தனி எண் இருக்கிறது.

அந்தக் குடிலின் உயரம் 3030 மீற்றர். நமது நாட்டின் மிக உயர்ந்த மலையான பீதுருதாலகாலை 2524 மீற்றர்தான். ஸ்ட்ரால்ஹோர்ன் சிகரத்தில் வளியமுக்கம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் மூன்று பங்கே இருக்கும். அதாவது ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஒட்சிசன் அந்த அளவுக்குக் குறைவு. உடல் இதற்குப் பழக நாட்கள் வேண்டும், வார இறுதியில் அந்த நாட்கள் இல்லை. தலையிடி, ஓங்காளம், நித்திரையின்மை, அளவுக்கு மீறிய களைப்பு ஆகியவை அறிகுறிகள். அவை கூடினால் கீழே இறங்குவதே மருந்து. உடல் வலுவுள்ள இளைஞருக்கு இது வராது என்பது தவறான எண்ணம். வேகமாக ஏறக்கூடியவர் என்பதாலேயே அவருக்கு முதலில் வரலாம்.

ஞாயிறு அதிகாலை மூன்று மணிக்குப் புறப்பாடு. சிவனொளிபாத மலைக்கு நள்ளிரவில் ஏறத் தொடங்குவது நமக்குப் பழக்கமானது; அங்கே உதயத்தைக் காண்பதற்காக ஏறுகிறோம். இங்கே காரணம் வேறு. இரவுக் குளிரில் பனிப்பாலங்களின் வெண்பனி இறுகி உறைகிறது. சூரியன் ஏறியதும் நெகிழத் தொடங்குகிறது. விடியற்காலையில் நால்வரைத் தாங்கிய அதே பாலம் நண்பகலில் ஒருவரையும் தாங்காமல் போகலாம். இரவு வானம் மேகமூட்டமாக இருந்தால் நிலத்தின் வெப்பம் வெளியேறாது, வெண்பனி உறையாது. அப்படிப்பட்ட காலையில், வெப்பமானி என்ன சொன்னாலும், கைத்தடி புதையும் ஆழத்தைப் பார்த்துவிட்டு வழிகாட்டிகள் திரும்பிவிடுவதுண்டு.

குடிலிலிருந்து முதலில் சற்றுக் கீழே இறங்கி, தலைவிளக்கு ஒளியில் கயிறு கட்டி, அல்லலின் பனிக்கட்டியாற்றின் மேல் மணிக்கணக்கில் மெல்லிய ஏற்றம். பிறகு 3789 மீற்றரில் அட்லர் கணவாய், அதாவது கழுகுக் கணவாய். அங்கிருந்து செங்குத்தான வெண்பனிச் சரிவும் முகடும். ஐந்து மணித்தியாலம் அளவில் சிகரம். மலையேறுபவர்களின் தரவரிசையில் இவ்வழி எளிதானதற்கு அடுத்த படியில், 'அதிகம் கடினமல்லாதது' என்ற வகுப்பில் இருக்கிறது. இந்தத் தரவரிசை பாறை ஏறும் திறமையையும் சரிவையும் முதன்மையாக அளக்கிறது. காலின் கீழ் மறைந்திருப்பதை அளப்பதில்லை. தொடக்கநிலையாளர் தரத்தைப் பார்த்து ஏமாறும் இடம் இது. மருமகன் போவதற்கு முன் மீட்புப் பயிற்சி வகுப்பொன்றுக்குப் போயிருந்தார். போனபோதும் சான்றிதழ் பெற்ற வழிகாட்டி ஒருவரோடுதான் போனார்.

அல்லலின் என்ற பெயரை அந்நாட்டவர் மறக்காததற்கு வேறொரு காரணம் இருக்கிறது. 1965 ஓகஸ்ட் 30 ஆம் திகதி, இதே பனிக்கட்டியாற்றின் கீழ்நுனி உடைந்து சரிந்து, அடியில் மட்மார்க் அணைக்கட்டு வேலைக்காக அமைந்திருந்த தொழிலாளர் முகாமை மூடியது. 88 பேர் இறந்தனர்; அவர்களில் பெரும்பாலோர் இத்தாலியிலிருந்து பிழைப்புக்காக வந்தவர்கள். நகரும் பொருளின் நுனியில் அசையாத கொட்டில்களை அமைத்தமையே அதில் நேர்ந்த பிழை. அண்மையில், 2025 மே மாதம், பிளாட்டன் என்ற கிராமத்தை அதன் மேலிருந்த பனிக்கட்டியாறு பாறையோடு சேர்ந்து இடிந்து மூடியது. அசைவைக் கருவிகளால் கவனித்துவந்ததால் ஏறத்தாழ முந்நூறு ஊரவரையும் நாட்களுக்கு முன்பே வெளியேற்ற முடிந்திருந்தது.

இந்த ஆறுகள் வேகமாக மெலிந்துவருகின்றன. சுவிற்சர்லாந்தின் பனிக்கட்டியாறுகள் 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் தம் கனவளவில் ஏறத்தாழ பத்திலொரு பங்கை இழந்தன. நடப்பவருக்கு இதன் பொருள், மாரி வெண்பனி சீக்கிரமாக உருகி, ஓகஸ்டில் மெலியவேண்டிய பாலங்கள் யூலையிலேயே மெலிகின்றன என்பது. பழைய வழிகாட்டி நூல்களிலுள்ள மாதங்களை நம்பிப் போக இயலாமல், அந்தக் கிழமை குடில் பொறுப்பாளரிடம் தொலைபேசியில் விசாரித்துவிட்டே போகிறார்கள்.

இவ்வளவையும் சொன்ன பிறகு, "அப்ப பிள்ளை எத்தினை மணிக்குக் கீழை வந்து சேருவான்?" என்றுதான் அக்கா கேட்டார். பாலங்கள் நெகிழ்வதற்கு முன், அங்கத்தைய நேரம் பதினொன்று, பன்னிரண்டுக்குள் ஆற்றைக் கடந்துவிட வேண்டும். கோடையில் நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணித்தியால வித்தியாசம். ஆகவே இங்கே பின்னேரம் மூன்றரைக்குப் பிறகுதான் தொலைபேசியைப் பார்க்க வேண்டும், அதற்கு முன் பார்த்துப் பயனில்லை என்று சொன்னேன். இந்த ஆடியிலும் அவர் ஒரு மலைக்குப் போகிறாராம். அக்கா அந்த நேரத்தை நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறார்.